வறுமையை அழகாக்குகிறாரா பெட்ரோ கோஸ்டா?

வணக்கம். "போர்த்துகீசிய இயக்குநர் பெட்ரோ கோஸ்டாவின் படங்களில் கேமரா அசைவதே இல்லை, கதையும் நகர்வதில்லை, குடிசைவாசிகளின் துன்பத்தை இப்படி ஓவியம்போல் அழகாக்கிக் காட்டுவது சரிதானா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த அசையாத கேமரா எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால், கேள்வியின் பிற்பாதிக்குப் பெருமளவு பதில் கிடைத்துவிடும்.

1994-இல் வெளியான 'காசா தெ லாவா' படத்தைக் கோஸ்டா, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் கேப் வெர்டே தீவுகளில் எடுத்தார். அவர் ஊர் திரும்பும்போது, போர்த்துகல் தலைநகர் லிஸ்பனில் வேலை பார்க்கும் உறவினர்களிடம் சேர்க்கச் சொல்லி அங்கிருந்தவர்கள் கடிதங்களையும் காப்பி, புகையிலைப் பொட்டலங்களையும் கொடுத்தனுப்பினார்கள். அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்த இடம்தான் ஃபொன்டைன்யாஸ்; லிஸ்பனின் விளிம்பில், குடியேறிகளும் ஏழைப் போர்த்துகீசியர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த சந்துகள்.

அங்கே அவர் 1997-இல் எடுத்த 'ஓசுஷ்' வழக்கமான முறையில் உருவான படம்: 35 மில்லிமீட்டர் பிலிம், பெரிய குழு, லாரிகள், விளக்குகள். விடிவதற்கு முன்பே எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர்களின் ஜன்னல்களுக்குள் அந்த விளக்குகளின் வெளிச்சம் இரவெல்லாம் விழுந்ததைக் கண்டு கூசிப்போய் விளக்குகளை அணைத்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அடுத்த படத்துக்கு ஒரு சிறிய டிஜிட்டல் கேமராவோடு, பெரும்பாலும் தனியாகவே, மாதக்கணக்கில், ஃபொன்டைன்யாஸில் வசித்த வாண்டா துவார்த்தே என்ற பெண்ணின் அறைக்குப் போய்வந்தார். 2000-இல் வந்த 'வாண்டாவின் அறையில்' அப்படி உருவானதுதான்.

பச்சைச் சுவர்கள், ஒரு கட்டில், ஜன்னல் வழியே வரும் கொஞ்சம் வெளிச்சம். வாண்டா இருமிக்கொண்டே பேசுகிறார், வெளியே அந்தக் குடியிருப்பை இடிக்கும் இயந்திரங்களின் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கிறது. அந்த அறையில் கேமராவை நகர்த்த இடமில்லை என்பது ஒருபுறமிருக்க, நகர்த்தாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பதுதான் ஒருவர் வீட்டுக்குள் போனவர் காட்டக்கூடிய மரியாதை என்றே நான் நினைக்கிறேன். இதை வெறும் ஆவணப்படம் என்றும் எண்ணிவிட வேண்டாம். இந்தப் படங்களில் நடிப்பவர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்த பேச்சையே ஒத்திகை பார்த்து, திரும்பத் திரும்ப நடித்திருக்கிறார்கள்.

2006-இல் வந்த 'கலோசல் யூத்' படத்தில், ஓய்வுபெற்ற கட்டடத் தொழிலாளியாக வரும் வென்ட்யூரா, லிஸ்பனின் குல்பென்கியன் கலை அருங்காட்சியகத்தில், பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் ரூபென்ஸின் ஓவியத்தின் அருகே சாய்ந்து நிற்பார். காவலாளி ஒருவர் வந்து மெதுவாக அவரை வெளியேற்றிவிட்டு, அவர் நின்ற தரையைக் கைக்குட்டையால் துடைப்பார்; பிறகு தோட்டத்தில் உட்கார்ந்து, இந்த இடத்தை உருவாக்கியதில் தன் உழைப்பும் இருக்கிறது என்று வென்ட்யூரா சொல்லுவார். உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும், அழகு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் கோஸ்டா தமக்குத்தாமே கேட்டுக்கொண்ட காட்சி இது.

ஆனாலும் உங்கள் சந்தேகத்தை நான் முழுவதும் தள்ளிவிடமாட்டேன். 2019-இல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிறுத்தை விருது பெற்ற 'விட்டலினா வரேலா' படத்தில், இருட்டுக்குள் ஒரு முகத்தில் மட்டும் ஒளி விழும் சட்டகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, ஒளியமைப்பின் நேர்த்தி ஆளை மறைக்கிறதோ என்று எனக்கும் தோன்றியதுண்டு. அங்கே படத்தைக் காப்பாற்றுவது விட்டலினாவின் பேச்சு. லிஸ்பனில் இறந்த கணவரின் அடக்கம் முடிந்து மூன்று நாள் கழித்தே கேப் வெர்டேயிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது அவருடைய சொந்த அனுபவம், அதையே நடித்திருக்கிறார். கணவர் விட்டுப்போன அந்தத் தாழ்ந்த, இருண்ட வீட்டுக்குள் நின்றுகொண்டு, ஊரில் இருவரும் சேர்ந்து கட்டிய வீடு எப்படி, நீ இங்கே கட்டியிருக்கும் இந்த வீடு எப்படி என்று இறந்தவரிடமே சண்டை போடுகிறார்.