கோயில்காரர்களோடும் சர்ச்காரர்களோடும் சேர்ந்து சோறு போடலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார்: “ஹஸரத், உங்கள் பள்ளிவாசல் ஜமாஅத் கோயில்காரர்களோடும் சர்ச்காரர்களோடும் சேர்ந்து பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறதாமே? நம் காசை நாமே தனியாகக் கொடுத்தால் போதாதா? மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா?”

உண்டு. முஹம்மது நபி (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் கிடைப்பதற்கு முன்னால் மக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். யமனிலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் ஊர்ப் பெரியவர் ஒருவர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தரவில்லை, வெளியூர்க்காரர், அவருக்காகக் கேட்க ஆளில்லை. அப்போது சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதிக்கு ஆளானவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். நபி (ஸல்) அவர்களும் அதில் இருந்தார்கள், பிற்காலத்தில், இப்போது அதற்கு என்னை அழைத்தாலும் போவேன் என்று சொன்னார்கள். அங்கே கூடிய குலத் தலைவர்கள் முஸ்லிம்கள் அல்ல என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஜகாத் என்ற கட்டாயக் கொடை வேறு. சேமிப்பில் கொடுக்க வேண்டிய அந்த 2.5 சதவீதம் யாருக்குப் போக வேண்டும் என்று குர்ஆனே எட்டு வகையினரைச் சொல்கிறது, அதனால் அந்தக் கணக்கைப் பொதுச் சமையலில் கலப்பதில்லை, தனி உண்டியல். சதகா, அதாவது நாமாக விரும்பிக் கொடுக்கும் தர்மத்தை, யாருக்கும் கொடுக்கலாம். பொதுச் சமையல் அதில்தான் நடக்கிறது.

சரி, தனியாகக் கொடுத்தால் என்ன? நாங்களும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பிரியாணிப் பொட்டலங்களோடு வால்டாக்ஸ் சாலைக்குப் போனால், அன்றைக்கு அமாவாசை, கோயில் அன்னதானம் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. ஒரு பாட்டி மடியில் மூன்று பொட்டலம் வைத்திருந்தார், ஒன்று வெயிலில் கெட்டு வாடை அடித்தது. “நேத்து எங்கப்பா போனீங்க எல்லாரும்?” என்று கேட்டார். முந்தின நாள் யாருமே வரவில்லை. எனக்கு அந்த இடத்தில் நிற்கவே முடியவில்லை.

வடசென்னையில் சோறு போடுகிற மனசுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. வள்ளலார் வடலூருக்குப் போகும் முன்பு இருந்தது நம் ஏழுகிணறு வீராசாமித் தெருவில்தானே, 1867-இல் வடலூரில் அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. நம்மிடம் இல்லாதது ஒரு பேச்சு, யார் எந்தக் கிழமை என்று. அப்புறம் உட்கார்ந்து பேசினோம். வெள்ளியும் செவ்வாயும் நாங்கள், ஞாயிறும் புதனும் சர்ச், மீதி நாட்கள் கோயில். சாம்பார் சாதம், தயிர் சாதம், எல்லாரும் சாப்பிடக்கூடியது. குழைவாக வடிக்கச் சொல்லியிருக்கிறோம், பல்லில்லாத முதியவர்கள் பரோட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

சாப்பாட்டோடு விஷயம் முடியவில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரிப் பக்கம் படுக்கிற ஒரு பெரியவர், “சோறு கிடைக்குது தம்பி, குளிக்கத்தான் இடமில்லை” என்றார். இப்போது வாரம் ஒரு காலை சர்ச் வளாகத்துக் குளியலறையைத் திறந்துவிடுகிறார்கள், துண்டும் சோப்பும் நம் செலவு. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் இருக்கிறது, ஆனால் கையில் காகிதம் இல்லாதவர் எப்படி வாங்குவார்? வீடில்லாதவருக்கும் வாக்காளர் அட்டை உண்டு, படிவம் 6 கொடுத்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும், முகவரிச் சான்று கேட்கக் கூடாது. இது நம்மில் பலருக்கே தெரியாது. படிவம் நிரப்ப ஒரு பள்ளிவாசலில் எத்தனை பேர் கிடைப்பார்கள்? மூன்று இடத்துப் பிள்ளைகளும் சேர்ந்தால்தான் ஓடுகிறது.

ஆகவே சகோதரரே, வரும் செவ்வாய் நம் முறை. இஷா என்ற இரவுத் தொழுகை முடிந்ததும் பாத்திரங்களை ஏற்ற ஆள் வேண்டும், வாருங்கள். போனை மட்டும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போட்டோ எடுப்பதில்லை.