வால்வு கசிந்தால் வெப்பம் வீண்

நேயர்களுக்கு வணக்கம். பெயின்ட் பூசும் கூடம், பிளாஸ்டிக் உறைகளில் அச்சடிக்கும் ஆலை, பசை தடவும் இயந்திரம் ஆகியவற்றின் புகைபோக்கியில் பெரும்பாலும் கரும்புகை வராது. அதை வைத்துக் காற்று சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. டொலுவீன், சைலீன், எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான்கள் ஆவியாகிக் கண்ணில் படாமல் வெளியேறுகின்றன. வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து, மூச்சுக்குழலை எரிச்சலூட்டும் ஓசோனை உண்டாக்குகின்றன.

இந்த ஆவியை வெளியே விடும் முன்பே எரிக்கும் கருவிதான் தெர்மல் ஆக்ஸிடைசர். ஏறத்தாழ 760 முதல் 870 டிகிரி செல்சியஸ் வெப்பம், அதில் அரை நொடி முதல் ஒரு நொடி வரை தங்கல், ஆக்சிஜனோடு நன்றாகக் கலக்கும் சுழற்சி: இம்மூன்றும் சேர்ந்தால் ஆவி கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமாகிவிடும். வெப்பம் குறைந்தாலோ கலவை சரியில்லாமல் போனாலோ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும்.

அவ்வளவு காற்றையும் எரிபொருளால் சூடாக்கினால் செலவு தாங்காது. அதனால்தான் பீங்கான் அடுக்குகள். உள்ளே வரும் காற்று சூடான ஓர் அடுக்கின் வழியே ஏறி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. எரிந்தபின் மற்றோர் அடுக்கின் வழியே இறங்கி வெப்பத்தை அதில் விட்டுச் செல்கிறது. இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை வால்வுகள் திசையை மாற்றும். 40 டிகிரியில் நுழையும் காற்று 820 டிகிரிக்கு ஏறி, 95 சதவீத வெப்பத்தைத் திருப்பித் தந்தால், வெளியேறும்போது ஏறக்குறைய 79 டிகிரிதான் இருக்கும். ஒரு கனமீட்டர் காற்றில் 2 கிராம் அளவுக்குக் கரைப்பான் இருந்தாலே, அது எரியும் வெப்பத்தில் எரிபொருளை எரிக்கும் பர்னர் பெரும்பாலும் ஓய்வெடுக்கலாம்.

என்ன ஆவி வருகிறது என்று தெரியாமல் கருவியை வாங்கக் கூடாது. சிலிக்கோன் கலந்த ஆவி எரிந்தால் வெண்மணல் போன்ற தூள் பீங்கானின் துளைகளை அடைக்கும். எவ்வளவு சூடாக்கினாலும் அது போகாது. எண்ணெய்ப் பிசுக்கு அடுக்கின் குளிர்ந்த அடிப்பக்கத்தில் படியும். அதை அவ்வப்போது நிதானமாகச் சூடேற்றி எரித்துவிட வேண்டும், விட்டுவைத்தால் ஒருநாள் தானே தீப்பிடிக்கும். குளோரின் உள்ள கரைப்பான் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறி எஃகை அரிக்கும். பின்னால், புகையைக் காரநீரால் கழுவும் ஸ்க்ரப்பர் இல்லாமல் முடியாது.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. பர்னரைப் பற்றவைக்கும் முன், உள்ளிருக்கும் காற்றை நான்கைந்து முறையாவது புதுக்காற்றால் முழுதாக வெளியேற்ற வேண்டும். உள்ளே வரும் ஆவி, தீப்பிடிக்கும் குறைந்தபட்ச அளவில் கால்பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. டொலுவீனின் குறைந்தபட்ச அளவு 1.1 சதவீதத்தை ஒட்டியது. அதில் கால்பங்கு என்றால் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 2,750 பங்குதான்.

இனி, பலர் கவனிக்காத வால்வுக்கு வருவோம். ஆவி எரியும் அறையின் வெப்பப் பதிவு நாள் முழுவதும் நேர்கோடாக இருக்கும். ஆனால் புகைபோக்கியில் நாற்றம் வரும். அறை 99 சதவீதத்தை எரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்வு தட்டு பொருந்தி மூடும் இருக்கையில் 2 சதவீதக் காற்று கசிந்து நேரே வெளியே போனால், வெளியேறும் ஆவி நூற்றில் ஒரு பங்குக்குப் பதில் ஏறக்குறைய மூன்று பங்காகிவிடும். அறையின் வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் அதைச் சொல்லவே சொல்லாது.

புகைபோக்கியில் ஆவியை அளக்கும் கருவியை வைத்துத் தொடர்ந்து பார்த்தால் காரணம் பிடிபடும். திசை மாறும் நொடியில் மட்டும் அளவு கூர்மையாக எழுந்து அடங்கினால், அடுக்கில் தங்கியிருந்த எரியாத ஆவி பின்னோக்கித் தள்ளப்படுகிறது; அதற்கு மருந்து, புதுக்காற்றால் அடுக்கைக் கழுவிவிடும் மூன்றாவது அடுக்கு அமைப்பு. அறை வெப்பம் சரியாக இருந்தும் அளவு எப்போதும் உயர்ந்தே நின்றால், முதலில் வால்வு தட்டையும் இருக்கையையும் திறந்து பாருங்கள். பர்னரைக் கூட்டுவது அப்புறம்.