கார் சார்ஜ் போடும்போது பிளக் சூடாகிறதா? எந்த சாக்கெட் வாங்கலாம்?

அடுத்த கேள்வி. “ஏசிக்காகப் போட்ட 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் எலக்ட்ரிக் காரைச் சார்ஜ் செய்கிறேன். கொஞ்ச நேரத்திலேயே பிளக்கில் கை வைக்க முடியவில்லை. விலை கூடிய சாக்கெட் மாற்றினால் போதுமா?” என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

நண்பரே, முதலில் அந்தப் பாயின்ட்டில் சார்ஜ் போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே பிளாஸ்டிக் இளக ஆரம்பித்திருக்கலாம்.

கீசர் தண்ணீர் சுட்டதும் கட் ஆகிவிடும், ஏசியும் அறை குளிர்ந்தால் இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். கார் அப்படியில்லை, ஏழெட்டு மணி நேரம் ஒரே சீராக முழு கரண்ட்டை இழுக்கும். பின்னைச் சாக்கெட் சரியாகக் கவ்வாமல் அங்கே வெறும் 0.1 ஓம் தடை வந்தாலே, 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு இடத்தில் 22.5 வாட் சூடு உண்டாகும். சின்ன சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள் வைத்து ராத்திரி முழுக்க ஆன் செய்துவிட்ட மாதிரி. சூட்டில் உள்ளே இருக்கும் கவ்வி தளரும், தளரத் தளரத் தடை ஏறும், இன்னும் சூடாகும். கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சும் விழாது, ஏனென்றால் கரண்ட் அளவை மீறவே இல்லையே!

அதனால் சாக்கெட் வாங்கும்போது முகப்பு பளபளப்பைப் பார்க்காதீர்கள், பின்னால் திருப்பிப் பாருங்கள். வயர் மாட்டும் இடத்தில் திருகு நேராக வயர் இழைகளைக் குத்துகிறதா, இல்லை ஒரு தகடு வைத்து அழுத்திப் பிடிக்கிறதா? தகடு உள்ளதை எடுங்கள். பிளக்கைச் செருகி இழுத்துப் பாருங்கள், மூன்று பின்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், சார்ஜருக்குப் பொருந்தும் பிளக் இருந்தால் நீல நிற இன்டஸ்ட்ரியல் சாக்கெட்தான் நிம்மதி, தினமும் செருகி எடுத்தாலும் தாங்கும். ஆனால் அதற்காக சார்ஜர் பிளக்கை வெட்டி மாற்றிவிடாதீர்கள், சில பிளக்குக்குள் வெப்பத்தைக் கவனிக்கிற சென்சார் இருக்கும், அது போய்விடும்.

சாக்கெட் மட்டும் நல்லதாக இருந்து பயனில்லை. டிபியிலிருந்து, அதாவது வீட்டின் எம்சிபி பெட்டியிலிருந்து, வேறு எதற்கும் கிளை போகாத தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதிலும் துடிப்பாக வரும் டிசி கசிவையும் கண்டுபிடிக்கிற டைப் ஏ கேட்டு வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டி பிளக் வேண்டவே வேண்டாம். அப்புறம், பழைய பிளக்கின் பின் கருத்திருந்தால் புது சாக்கெட்டையும் அது கெடுத்துவிடும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்; பிளக்கை மட்டும் நீங்களே வெட்டாமல் சார்ஜர் கம்பெனி சர்வீஸில் கொடுத்து மாற்றுங்கள். சார்ஜரில் கரண்ட்டைக் குறைக்க வழி இருந்தால் 10 ஆம்பியரில் வையுங்கள், அதே 0.1 ஓமில் சூடு 10 வாட்டாக இறங்கிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எர்த் இல்லை என்று சார்ஜர் எரர் காட்டினால் சிலர் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். சார்ஜரும் ஏமாந்து ஓடும். ஆனால் அந்த நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் காரின் பாடி முழுக்க கரண்ட் வந்துவிடும், கதவைத் தொடுகிறவர் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியன் அப்படிச் செய்து தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், முறையாக எர்த் போட்ட பிறகு சார்ஜ் செய்யுங்கள்.