பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைகள் எழுதிய பக்கங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தூத்துக்குடிப் பக்கம் கன்னியர் மடத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெரும்பாலும் பிளஸ் டூ வகுப்புகளுக்குத்தான் பாடம் எடுத்தேன். அதனால் பிப்ரவரி மாதம் வந்தால் பிரிவு உபசார விழா என் பொறுப்பில் வந்துவிடும். விழா எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலர் டிரெஸ், கேசரி, மிக்சர், குரூப் போட்டோ. அப்புறம் நாலைந்து பிள்ளைகள் மேடையேறிப் பேசுவார்கள். அந்தப் பேச்சைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

'இந்தப் பள்ளி எங்களுக்கு இரண்டாவது தாய்வீடு. இங்கே கழிந்த நாட்கள் பசுமரத்தாணி போல நெஞ்சில் பதிந்துவிட்டன.' இப்படிப் பேசுவார்கள், நாமும் கை தட்டுவோம். எந்தப் பள்ளியில், எந்த வருடம் கேட்டாலும் இதே பேச்சுத்தான். ஆறாம் வகுப்பில் இரட்டை ஜடையோடு வந்த பிள்ளை, ஏழு வருடம் அதே வளாகத்தில் இருந்திருக்கிறாள். அங்கே கண்ணால் கண்டது ஒன்றுகூட அந்தப் பேச்சில் இருக்காது. எனக்கு அது பொறுக்காது. பள்ளி அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, வருகைப் பதிவேடு இருக்கிறது. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை அந்தப் பள்ளியில் எப்படிக் கழிந்தது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் படிப்பு முடிந்து வெளியே போகிற பிள்ளைகள்தான். அவர்களும் பசுமரத்தாணி என்று சொல்லிவிட்டுப் போனால், அப்புறம் யாரைக் கேட்பது?

அதனால் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். ரிவிஷன் தேர்வு முடிந்ததும் ஒரு தமிழ் வேளையில் ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். ஒரே ஒரு விஷயம்தான் எழுதலாம். அதை வாசித்தால் வகுப்பு மொத்தமும் 'ஆமாடீ' என்று சொல்ல வேண்டும். வெளியாளுக்கு அது தெரிந்திருக்கக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை.

முதல் வருடமே பாதிப் பிள்ளைகள் மணியைப் பற்றித்தான் எழுதினார்கள். நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் மணி அடிக்கும். அதற்கான செபத்துக்கு மூவேளை செபம் என்று பெயர். பள்ளியில் நாங்கள் இருப்பது பகல் மணிக்கு. பன்னிரண்டு அடித்தால் எல்லாம் நிற்கும். கணக்கு டீச்சர் பாதிக் கணக்கில் சாக்பீஸைக் கீழே வைப்பார். விளையாட்டு வகுப்பில் பந்து உருண்டுகொண்டிருந்தால் உருண்டபடியே போகும், யாரும் பின்னால் ஓட மாட்டார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் செபம் சொல்வார்கள், மற்றவர்கள் சும்மா எழுந்து நிற்பார்கள். ஒரு நிமிடம், மிஞ்சிப் போனால் இரண்டு நிமிடம்.

சும்மா எழுந்து நிற்பார்கள் என்றுதான் நாங்களெல்லாம் நினைத்திருந்தோம். காயல்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: 'அந்த ஒரு நிமிடத்தில் நான் வாப்பாவுக்காக துஆ கேட்பேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். லீவு நாளில் வீட்டில் இருக்கும்போதும் பன்னிரண்டு ஆனால் எழுந்து நின்றுவிடுகிறேன். என்னடி ஆச்சு என்று உம்மா கேட்கிறார்.' இதை அவளே எழுந்து வாசித்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிறகு ஒவ்வொருத்தியாகச் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. வெயில் ஏறும் முன்னே முடிக்க வேண்டும் என்பதால் விடிவதற்குள் கிளம்பிப் போய்விடுவார்கள். 'பன்னிரண்டு மணி அடித்தால் அம்மா வீட்டுக்கு வந்திருப்பாள், காலைக் கழுவி எண்ணெய் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்' என்றாள் அவள். உப்பளத்தில் நின்றவர்களின் பாதம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் பிளஸ் டூவில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அந்த ஒரு நிமிடத்தில் பக்கத்தில் நிற்பவள் என்ன நினைக்கிறாள் என்று இரண்டு பேருக்குமே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மணி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. புனித சவேரியார் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களை உட்கார வைத்து, செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்தார். அப்புறம் கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்தபடி போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். காலையில் கேட்டுக்கொண்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. இந்தக் கடற்கரையில் மணி அடித்துப் பிள்ளைகளைப் படிக்கக் கூட்டுகிற பழக்கம் அவ்வளவு பழையது. இதைச் சொன்ன அன்று, மணப்பாட்டுப் பிள்ளை ஒருத்தி, 'எங்க ஊர்க் குகையில சவேரியார் இருந்தாரு மிஸ்' என்று எழுந்து நின்றுவிட்டாள். அந்தக் குகையை இன்றைக்கும் பார்க்கலாம்.

அடுத்தது நீதிபோதனை வகுப்பு. கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது தெரியும். வாரத்தில் சில வேளை வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசம் என்கிற மறைக்கல்வி வகுப்புக்குப் போவார்கள், மற்ற பிள்ளைகள் நீதிபோதனைக்குப் போவார்கள். ஒருத்தி எழுதியிருந்தாள்: 'நீதிபோதனையில் டீச்சர் குறள் சொல்லிக் கதை சொல்வார். பக்கத்து அறையில் சிஸ்டர் ஊதாரி மகன் கதை சொல்வார். நடுவில் தட்டிதான். நாங்கள் இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்போம்.' ஆமாடீ என்று எல்லோரும் சொன்னார்கள். இடைவேளையில் கதையை மாற்றிக்கொள்வார்களாம்.

இனி கெபி. இதைச் சொல்லாமல் போக முடியாது. கன்னியர் மடத்துப் பள்ளி என்றால் வளாகத்தில் ஒரு லூர்து மாதா கெபி பெரும்பாலும் இருக்கும். கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய குகை, அதற்குள் நீல இடைக்கச்சையோடு மாதா, கீழே முழந்தாளிட்டு மேலே பார்க்கிற பெர்னதெத். 1858-இல் பிரான்ஸ் நாட்டில் லூர்து என்ற ஊரில் மாதா தனக்குக் காட்சி கொடுத்ததாகச் சொன்னபோது அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு வயது. ஏழை வீட்டுப் பெண், ஆஸ்துமா நோயாளி, எழுதப் படிக்க அப்போது சரியாகத் தெரியாது. முதல் காட்சி நடந்தது பிப்ரவரி 11. அந்த நாளைத்தான் லூர்து மாதா திருநாளாகக் கொண்டாடுகிறோம். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு மார்ச்சில். ஆக, அவர்கள் பள்ளியில் கொண்டாடுகிற கடைசித் திருநாள் அது. பிராக்டிகல் முடிந்தும் முடியாமலும் இருக்கிற சமயம்.

ஹால் டிக்கெட் கொடுக்கிற அன்று கெபியைப் பார்க்க வேண்டும். படி முழுக்க ஹால் டிக்கெட். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு பேனா. பக்கத்தில் மெழுகுதிரி, மல்லிகைச் சரம். நெற்றியில் திருநீறு வைத்த பிள்ளையும் கொளுத்துவாள், தலையில் முக்காடு போட்ட பிள்ளை தோழிக்காக ஒன்று கொளுத்துவாள். ஒரு வருடம் ஒருத்தியின் ஹால் டிக்கெட்டில், சரியாகப் போட்டோவின் மேலேயே மெழுகு சொட்டிவிட்டது. முகம் தெரியவில்லை. அழுகையான அழுகை. எங்கள் அறிவியல் டீச்சர் வந்தார். மெழுகின் மேல் ஒரு தாளை வைத்து, காபி ஊற்றிய எவர்சில்வர் டம்ளரைச் சூட்டோடு அதன் மேல் கொஞ்ச நேரம் வைத்தார். மெழுகு உருகித் தாளில் ஏறிவிட்டது, முகம் தெரிந்தது. அந்த வருடப் பிள்ளைகளின் பக்கங்களில் மதிப்பெண் பற்றி ஒரு வரி கிடையாது, டம்ளர் எல்லோர் பக்கத்திலும் இருந்தது. அந்த டீச்சருக்குக் கிறிஸ்தவ மதம் கிடையாது, கெபிக்கு வந்து கும்பிடுகிற வழக்கமும் கிடையாது. அவர் தன் பாடத்தைத்தான் நடத்தினார். ஆனால் அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி இன்றைக்குச் சந்தித்தாலும் அந்தப் பேச்சுத்தான் முதலில் வருகிறது.

நல்லது மட்டுமே எழுதினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வலித்ததையும் எழுதினார்கள். ஸ்பெஷல் ஃபீஸ் கட்டாதவர்களைக் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லி எழுந்து நிற்க வைக்கிற வழக்கம் அப்போது இருந்தது. 'என் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின பெயர் வரும்போதே கால் நடுங்கும்' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தைத் தலைமையாசிரியை சிஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது அந்த வழக்கம் இல்லை. வீட்டுக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். பசுமரத்தாணி என்று எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா? அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கண்டதை எழுதச் சொல்லுங்கள். கண்டதை, கண்டபடி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. போர்டிங் பிள்ளைகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து வருகிற பனங்கிழங்கு, டிரங்குப் பெட்டிப் பூட்டு, ஸ்டடி டைம் என்று அது தனிக் கதை. பாளையங்கோட்டைப் பக்கத்துச் சேசு சபைப் பள்ளிகளில் படித்த ஆண் பிள்ளைகளையும் விட்டுவிட்டேன். இன்னொன்றை மட்டும் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு வந்தது 1978-இல். அதற்கு முன்பு பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வெளியே வந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் யாரும் ஒரு பக்கம் கேட்டதில்லை. பழைய மாணவியர் சங்கங்கள் முதலில் அவர்களிடம் போக வேண்டும்.

உங்கள் வீட்டில் இந்த வருடம் பிளஸ் டூ முடிக்கிற பிள்ளை இருந்தால், தேர்வு முடிந்த வாரமே எழுத வையுங்கள். ரிசல்ட் வந்துவிட்டால் பேச்செல்லாம் மார்க்காகிவிடும். தேதி போடச் சொல்லுங்கள், வகுப்பும் பிரிவும் போடச் சொல்லுங்கள். டி.சி. வாங்கப் போகும்போது ஒரு நகலைப் பள்ளியில் கொடுத்துவிட்டு வரட்டும். வணக்கம்.