பிடிச்ச பார்க் சலிச்சுப் போச்சே, என்ன பண்றது? கோத்தகிரித் தம்பியோட கேள்வி

வணக்கம். இந்த வாரம் வந்ததுல ஒரு கேள்வி, அது அறிவியல் சந்தேகமா இல்ல மனசு சந்தேகமான்னே எனக்குப் புரியல. ஆனா ஒதுக்கவும் மனசு வரல. கோத்தகிரியில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். படிச்சுடறேன்.

"மிஸ், ஸ்கூல் படிக்கும்போது மலை அடிவாரத்துல இருக்கிற தண்ணி தீம் பார்க்னா எனக்கு உயிர். வருஷம் பூரா உண்டியல்ல காசு சேர்த்துப் போவேன். போன மாசம் என் ஏழு வயசுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். மதியம் ரெண்டு மணிக்கே கிளம்பலாமான்னு ஆயிடுச்சு. பார்க் நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு. அந்தப் பழைய ஆசை திரும்ப வருமா?"

பேர் சொல்ல வேண்டாம், எந்த பார்க்னு மலைக்காரங்களுக்குத் தெரியும். தம்பி, நேராவே சொல்லிடறேன். பழையது அப்படியே வராது. வேற ஒண்ணு வரும், அதுவும் நல்லாத்தான் இருக்கும். எனக்கு வந்திருக்கு, அதனால சொல்றேன்.

குன்னூர்ல 22 வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுத்தவ நான். ஒன்பதாம் வகுப்புன்னா டூர், டூர்னா அந்த பார்க். எத்தனை தடவை இறங்கியிருப்பேன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. முதல் மூணு நாலு வருஷம் பிள்ளைகளுக்கு முன்னாடி நான்தான் குதிப்பேன். அப்புறம் எந்த வருஷத்துல மாறினேன்னு தெரியல, நிழலா ஒரு பெஞ்ச் பார்த்து உக்காந்து செருப்புக்கும் பைக்கும் காவல் இருக்கிற ஆளாயிட்டேன்.

ஏன் சலிக்குது? நம்ம உள்காதுல சின்னதா ஒரு கருவி இருக்கு, உடம்பு எந்தப் பக்கம் சாயுது, திரும்புதுன்னு மூளைக்குச் சொல்றது அதுதான். அதுக்கு வேகம் தெரியாது, வேகம் மாறினாத்தான் தெரியும். சறுக்குல வயித்துல ஜிவ்வுன்னு ஏறுதே, அது அந்த மாற்றம்தான். ஆனா அடுத்த வளைவு எங்கன்னு மூளைக்கு முன்கூட்டியே தெரிஞ்சுட்டா, உடம்பு தயாராயிடும். குன்னூர் மலைப்பாதையில பஸ்ல வாந்தி எடுக்கறது யாரு? பின் சீட்டுப் பிள்ளைங்க. டிரைவர் அண்ணன் எடுத்து பார்த்திருக்கீங்களா? அவருக்கு வளைவு முன்னாடியே தெரியும், ஸ்டியரிங்கே அவர் கையிலதானே இருக்கு. பத்துத் தடவை அந்த பார்க்குக்குப் போன நீங்க, தம்பி, இப்ப டிரைவர் ஆயிட்டீங்க. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு எப்படித் திரும்ப வந்ததுன்னு சொல்றேன். ஒரு வருஷம் தண்ணிக்குப் பயந்த ஒரு பிள்ளை என் பெஞ்சிலயே உக்காந்துட்டா. அலைக்குளத்துல சைரன் அடிச்சாங்க, எல்லாரும் ஓன்னு கத்திக்கிட்டு ஓடினாங்க, அலை ஆரம்பிச்சுது. இவ கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கேக்கறா: "மிஸ், இவ்வளவு நேரமா அலை இந்தப் பக்கமே வந்துட்டிருக்கே, தண்ணியெல்லாம் இங்க சேர்ந்து வழிஞ்சிருக்கணுமே. ஏன் வழியல?"

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. அலை ஆற்றலைத்தான் கொண்டு போகும், பொருளைக் கொண்டு போகாதுன்னு வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போட்டவ நான். அந்தக் குளத்துப் பக்கத்துல உக்காந்தப்ப ஒரு நாள்கூட அது ஞாபகத்துக்கு வரல பாருங்க. ஆழமான பக்கம் யாரோ விட்டுட்டுப் போன மஞ்சப் பந்து ஒண்ணு மிதந்துட்டிருந்தது. ரெண்டு பேரும் அதையே பார்த்தோம். அலை வரும், பந்து ஏறும், கொஞ்சம் முன்னாடி வரும். அலை தாண்டினதும் இறங்கும், பின்னாடி போகும். ஏழெட்டு அலை போயிடுச்சு, பந்து கிட்டத்தட்ட அதே இடத்துலதான் நிக்குது. கரைப்பக்கம் வந்தா கதை வேற. தரை சரிவா மேல ஏறுறதால அலையோட அடிப்பக்கம் தட்டுப்பட்டு மெதுவாகுது, தலைப்பக்கம் முந்திச் சாஞ்சு உடையுது. அங்கதான் தண்ணி நிஜமா ஓடி வருது, வந்த மாதிரியே வழுக்கித் திரும்பிப் போகுது. அதனாலதான் வழியல.

அதோட விட்டாளா? அலை எங்கிருந்து கிளம்புதுன்னு பார்க்கணும்னா. பெரும்பாலான அலைக்குளத்துல ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னாடி அறைகள் இருக்கும். பெரிய விசிறி அதுக்குள்ள காத்தைத் தள்ளும். அறைக்குள்ள இருக்கிற தண்ணி அமுங்கி, சுவருக்கு அடியில வழியா குளத்துக்குள்ள தள்ளப்படும். காத்தை விட்டதும் மறுபடி உள்ள ஏறும். ஊஞ்சலுக்குத் தள்ளு குடுக்கற மாதிரிதான், நேரம் பார்த்துத் தள்ளினா அலை பெருசாகும். நாங்க அந்தச் சுவர் ஓரமா போய்க் காதை வச்சுக் கேட்டோம், ஊம்னு ஒரு சத்தம். அந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் தண்ணியில கால் வைக்கல. ஆனா திரும்பி வரும்போது பர்லியாறு தாண்டியும் வாய் மூடல. அடுத்த வருஷம் டூர் எப்போ வரும்னு காத்திருந்தது நான்.

ரோலர் கோஸ்டர் இருக்கிற பார்க்குக்குப் போனா கடைசிப் பெட்டியில உக்காருங்க. முன் பெட்டிங்க உச்சி தாண்டி விழ ஆரம்பிச்சிடும், கடைசிப் பெட்டியை உச்சிக்கு மேல சுண்டி இழுக்கும். கண்ணை மூடிக்கோங்க, டிரைவர் வேலை போயிடும். ஏறும்போது கடக் கடக்னு ஒரு சத்தம் வருதில்ல? அது வண்டி பின்னாடி உருண்டுடாம இருக்கப் பல்லுல விழுற கொக்கி. இன்னொண்ணு சொல்றேன், நம்ம ஊருக்காரங்களுக்குப் பிடிக்கும். ரோலர் கோஸ்டரோட தாத்தா ஒரு மலை ரயில். அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல மாக் சங்க்னு ஒரு இடம், 1827-ல மலை மேல இருந்து நிலக்கரி வண்டியைச் சும்மா உருட்டி விட்டுக் கீழ இறக்கினாங்க. காலி வண்டியை மேல இழுக்கறதுக்குக் கோவேறு கழுதைங்க, அதுங்களும் கீழ வரும்போது வண்டியில ஏறித்தான் வரும்! பின்னாடி அதுலயே ஜனங்க காசு குடுத்து ஜாலியா போக ஆரம்பிச்சாங்க. 1884-ல நியூயார்க் கோனி ஐலண்டுல 5 சென்ட் டிக்கெட்டுக்கு ஓடின ரோலர் கோஸ்டர் அப்புறம்தான் வந்தது. நம்ம ரயிலும் கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பல் தண்டவாளத்தைக் கடிச்சுக்கிட்டுத்தானே ஏறுது, 12 அடிக்கு ஒரு அடி ஏத்தம். வழுக்காம இருக்கப் பல்லு வேணும்ங்கறது ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

தம்பி, நீங்க எழுதாத ஒண்ணு கேக்கறேன். கார்லதானே போனீங்க? கண்ணாடி ஏத்தி, ஏ.சி. போட்டு? அங்கதான் பாதி போச்சு. நம்ம பிள்ளைகளுக்கு டூர் கேட்டுல ஆரம்பிக்கறதில்ல, பஸ்ஸுல ஆரம்பிக்குது. கிட்டத்தட்ட 1500 மீட்டர் இறங்கறோம். 1000 மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி சூடு கூடும், அப்போ ஒன்பது பத்து டிகிரி. பாதி வழியில ஒரு பிள்ளை ஸ்வெட்டரைக் கழட்டும், அப்புறம் எல்லாம் கழட்டும், கழுத்து வழியா இழுக்கும்போது முடியெல்லாம் நிக்கும். கீழ பாக்குத் தோப்பு கண்ணுல பட்டதும் காத்து வெதுவெதுன்னு மூஞ்சியில அடிக்கும். தண்ணியில விழணும்னு உடம்பு கேக்கறது அங்கதான். ஏ.சி.யில குளிரா இறங்கி, குளிர் தண்ணியில எதுக்கு விழணும்?

அதனால மே மாசக் கூட்டத்தை விட்டுடுங்க. சாதாரண ஒரு நாள், கோத்தகிரி பஸ்ஸ்டாண்டுல பொண்ணுக்கு ஜன்னல் சீட் பிடிங்க, ஸ்வெட்டர் போட்டே கூட்டிட்டுப் போங்க. போனை வீடியோ எடுக்க வெளிய எடுக்காதீங்க. ஒரு சின்னப் பந்து, மஞ்சளோ சிவப்போ, பையில போட்டுக்கோங்க. பந்து விடலாமான்னு முதல்ல அங்க நிக்கிற விசில்காரர்கிட்ட கேட்டுக்கோங்க, எங்ககிட்ட ஒரு தடவை கோவிச்சுக்கிட்டார்.

இவ்வளவும் பண்ணி, அப்பவும் ரெண்டு மணிக்குக் கிளம்பணும்னு தோணினா கிளம்பிடுங்க, ஒண்ணும் தப்பில்ல. பொண்ணு வரமாட்டேன்னு சொல்லுவா, அது வேற பிரச்சினை. திரும்பி ஏற பஸ் எத்தனை மணி வரைக்கும்னு காலையிலயே கேட்டு வச்சுக்கோங்க.

சரி, அடுத்தது அருவங்காட்டுல இருந்து ஒரு அக்கா, குக்கர் விசில் பத்திக் கேட்டிருக்காங்க.