கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

ஆசிரிய நண்பர்களே, வணக்கம்.

எங்கள் வீட்டில் தாத்தா கணக்கு வாத்தியார், அம்மா கணக்கு டீச்சர், அப்புறம் நான். தாத்தாவைத் தேடி மாலையில் வருகிறவர்களில் பலர் கடன் பத்திரத்தோடு வருவார்கள். "கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்பார்கள். அவர் படித்துச் சொல்வதோடு விடமாட்டார். மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று அவர்களையே கணக்குப் போட வைப்பார். எனக்கு அவர் விட்டுப்போன சொத்து அந்தப் பழக்கம்தான்.

நம் தொழிலுக்கு இதைவிடப் பழைய பரம்பரையும் உண்டு. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள பழைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில், 20 சதவீதக் கூட்டு வட்டிக்குக் கொடுத்த பணம் எப்போது இரட்டிப்பாகும் என்ற கணக்கு இருக்கிறது. நான்கு ஆண்டு முடிவதற்குச் சற்று முன்பே ஆகிவிடும். 1494இல் வெனிஸில் தன் கணித நூலை அச்சிட்ட லூக்கா பச்சியோலியும் ஓர் ஆசிரியர்தான். ஒவ்வொரு பரிமாற்றத்தையும் பற்று, வரவு என இரண்டு இடத்தில் பதியும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையையும், 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்து இரட்டிப்புக் காலம் கண்டுபிடிக்கும் வழியையும் அதில் அவர் எழுதிவைத்தார்.

இன்று நம் பிள்ளைகள் வட்டிச் சூத்திரத்தில் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் கடன் விண்ணப்பத்தை நீட்டினால் திகைக்கிறார்கள். அதனால் என் வகுப்பில் ஒரு கடனைப் பிரித்துப் பார்க்கிறோம். கடன் 12,000. வட்டி 12 சதவீதம், "நிலையான விகிதம்" (flat rate). அதாவது, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி. ஓராண்டுத் தவணை. மாதம் அசல் 1,000, வட்டி 120. மொத்த வட்டி 1,440. சரியாகத்தானே இருக்கிறது என்பார்கள். முதல் மாதம் கையில் இருக்கும் கடன் எவ்வளவு என்று கேட்பேன். 12,000. கடைசி மாதம்? 1,000. அங்கேதான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஆண்டு முழுவதற்கும் சராசரியாக அவர்களிடம் இருந்த கடன் 6,500 மட்டுமே. 6,500க்கு 1,440 என்றால் சுமார் 22 சதவீதம்! குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி போடும் கடனோடு ஒப்பிட வேண்டிய எண் இதுதான். சூத்திரம் எதுவும் வேண்டியதில்லை. கூட்டலும் வகுத்தலும் போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டு வரவு செலவை எழுதிக்கொண்டு வா என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்காதீர்கள். இல்லாத வீட்டுப் பிள்ளை கூனிக் குறுகிப்போகும். வருமானம் போதாத குடும்பத்தைப் பார்த்து, கணக்குத் தெரியாததால்தான் இந்த நிலை என்று சொல்வதும் அநியாயம். நாம் கற்றுத் தருவது, கையெழுத்துப் போடுவதற்கு முன் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விகளை: மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? ஒரு தவணை தவறினால் என்ன ஆகும்? முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா?

அடுத்த வாரம் உங்கள் வகுப்புக்கு ஒரு வெற்றுக் கடன் விண்ணப்பத்தை எடுத்துப் போங்கள். பொடி எழுத்தில் உள்ள பகுதியிலிருந்தே வாசிக்கத் தொடங்குங்கள்.