அதே விண்ணப்பத்தில் இன்னொரு வரி

அன்பார்ந்த நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், மீன்பிடித் தடைக்காலம். பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதங்களுக்குள்தான் பிளஸ் டூ தேர்வு முடிவும் வருகிறது. மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் காலமும் அதையொட்டியே வருகிறது. வீட்டில் வரும்படி நின்றிருக்கும் நேரத்தில் பிள்ளையின் படிப்பை முடிவு செய்யவேண்டியிருப்பதால், பெற்றோர் பெரும்பாலும் தெரிந்த வழியையே கேட்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கேட்பது, "பிள்ளைக்கு நர்சிங் கிடைக்குமா?" என்பதுதான். அந்தக் கேள்வியில் எந்தத் தவறும் இல்லை. ஆனால், அந்தப் பிள்ளை நிரப்பப்போகும் அதே விண்ணப்பத்தில், பி.எஸ்சி. நர்சிங் என்ற வரிக்குச் சற்றுத் தள்ளி, பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி என்று இன்னொரு வரி இருக்கிறது. தனி விண்ணப்பம் இல்லை, தனிக் கட்டணம் இல்லை, ஒரே விண்ணப்பம்தான். அந்த ஒரு வரிக்காகவே இன்று உங்கள் முன் பேச வந்திருக்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் எக்ஸ்ரே அறையில் பணி செய்தவள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஆகியவற்றை எடுப்பவர் ரேடியோகிராபர். எடுத்த படத்தைப் பார்த்து நோயைச் சொல்பவர் கதிரியக்க மருத்துவர். படம் பிழையாக இருந்தால் எவ்வளவு பெரிய மருத்துவராலும் சரியானதைச் சொல்ல இயலாது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, நாட்டுப்படகில் தொழிலுக்குப் போன என் அப்பாவின் காலில் திருக்கை முள் ஏறியது. முள்ளைப் பிடுங்கிவிட்டோம் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை, வீக்கமும் வடியவில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்நாளில் படத்தை இருட்டறையில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கம்பிச் சட்டத்தில் மாட்டித்தான் வெளியே கொண்டுவருவார்கள். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இதோ பார் பாப்பா" என்று அந்த ஊழியர் எனக்குக் காட்டினார். அப்பாவின் பாதத்து எலும்புகளுக்கு இடையில், நகத்தின் நீளத்துக்கு, இரண்டு ஓரமும் அரம்போலப் பல் வைத்த வெள்ளைத் துண்டு ஒன்று தெரிந்தது. மூன்று வாரமாக யார் கண்ணுக்கும் படாதது ஒரு படத்தில் தெரிந்த அந்த நிமிடத்தில்தான் இந்த வேலை என் மனத்தில் விழுந்தது.

வீட்டிலோ, என் அத்தை செவிலியர் என்பதால், நானும் செவிலியராவேன் என்பது பேசாமலே முடிவான காரியமாக இருந்தது. நான் எக்ஸ்ரே படிப்பைக் கேட்டபோது விண்ணப்பம் வாங்கும் இடத்திலேயே ஒருவர், "எக்ஸ்ரே ரூமில் வேலை பார்க்கிற பெண்ணுக்குப் பிள்ளை தங்காது, நர்சிங்குக்கே போடு" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டே, "உனக்குப் பிடித்ததைப் போடு" என்றார். எனக்குக் கிடைத்தது இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. இன்றைய பிள்ளைகளுக்கு மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் கொண்ட பட்டப்படிப்பே இருக்கிறது.

இந்த வேலையில் பொத்தானை அழுத்துவதைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஏர்வாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றித்தான். அவர் சங்கு குளிப்பவர். நீங்காத இருமலுக்காக நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க அனுப்பியிருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகியிருக்காது. நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்கவைத்து, மோவாயை உயர்த்தச் சொல்லி, கைகளை இடுப்பில் வைத்து முழங்கைகளை முன்னே தள்ளச் சொன்னேன். அப்படித் தள்ளினால்தான் தோள்பட்டை எலும்பு விலகி, நுரையீரலின் மேல் நிழல் விழாமல் இருக்கும். பிறகு, "ஐயா, மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றேன். தடுப்புச் சுவருக்குப் பின்னால் வந்து பொத்தானை அழுத்தினேன். படம் எடுத்த தட்டைக் கழற்றிக்கொண்டு நேரே இருட்டறைக்குள் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்க்கிறேன், அவர் அப்படியே நின்றுகொண்டிருக்கிறார். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, கண்கள் மூடியிருக்கின்றன, நெஞ்சு விம்மியபடியே இருக்கிறது. பதறிப்போய், "ஐயா, மூச்சை விடுங்கள்" என்றேன். மெதுவாக விட்டார். விட்டதும் இருமல் பிடித்துக்கொண்டு, சுவரில் கையூன்றிக் குனிந்துவிட்டார். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த பிறகு அவர் சொன்னார்: "தாயி, கடலுக்குள்ளே இருக்கும்போது மேலே கயிறு பிடிக்கிறவன் கவனமெல்லாம் எங்கள் மேல்தான் இருக்கும். நீ பிடிக்கச் சொன்னாய், விடச் சொல்லவில்லையே."

அன்றிலிருந்து பணி ஓய்வு பெறும் நாள் வரை, "மூச்சை விடலாம்" என்ற சொல்லைச் சொல்லாமல் நான் ஒருவரையும் அந்தப் பலகையில் நிற்கவிட்டு நகர்ந்ததில்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்கும் நான் முதல் நாளில் கற்றுக்கொடுத்தது அதைத்தான். கயிறு பிடிப்பவரின் வேலை அது. செவிலியர் ஒரு நோயாளியோடு பல மணி நேரம், பல நாள்கள் இருக்கிறார். நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குள், வலியோடு வந்தவர் நம்மை நம்பி, திருப்பக்கூடாத கையைத் திருப்பி, பிடிக்கமுடியாத மூச்சைப் பிடிக்கவேண்டும். ஆகவே, நோயாளியைத் தொட வேண்டாம், பேச வேண்டாம், இயந்திரத்தோடு இருந்துவிடலாம் என்று எண்ணி நர்சிங்கைத் தவிர்த்து இதற்கு வருகிற பிள்ளை ஏமாந்துபோகும்.

மூச்சை ஏன் இழுத்துப் பிடிக்கச் சொல்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்று நிறைந்தால் நுரையீரல் விரிந்து, அடியில் இருக்கும் உதரவிதானம் கீழே இறங்குகிறது. காற்றுள்ள இடம் படத்தில் கறுப்பாகவும், நோய் பிடித்த இடம் வெளுப்பாகவும் தெரிகிறது. அரை மூச்சில் எடுத்தால் நல்ல நுரையீரலே நோய் பிடித்ததுபோலத் தோன்றிவிடும். முதுகுப் பக்கமிருந்து கதிரைச் செலுத்துவதற்கும் காரணம் உண்டு. மின்சாரம் போன இரவில், விளக்கின் முன் கையைக் காட்டிச் சுவரில் மான் செய்து விளையாடாத பிள்ளை நம் ஊரில் இருக்கமுடியாது. கை விளக்குக்கு அருகில் இருந்தால் மான் பெருத்து மங்கும். சுவருக்கு அருகில் போனால் உள்ள அளவில் தெளியும். இதயம் மார்பின் முன்பக்கமாக இருப்பதால், மார்பைப் பலகையோடு ஒட்டிவைத்து, ஆறடி தூரத்திலிருந்து கதிரைச் செலுத்தினால் அதன் நிழல் பெருக்காமல் விழுகிறது. பிளஸ் டூ இயற்பியலில் உங்கள் பிள்ளை படித்த பாடம் இங்கே நாள்தோறும் பயன்படுகிறது. உயிரியலையும் இயற்பியலையும் ஒரே அளவு விரும்புகிற பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த வரியை அந்தப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

இனி, "பிள்ளை தங்காது" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை, ஏனென்றால் இந்த ஒரு பேச்சால் இந்தக் கரையில் எத்தனையோ பெண்கள் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். எக்ஸ்ரே இயந்திரம் பொத்தானை அழுத்தியிருக்கும் அந்தக் கணப்பொழுதுக்கு மட்டுமே கதிரை வெளியிடுகிறது. விளக்கை அணைத்த பின் அறையில் வெளிச்சம் மிஞ்சுவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும், சுவரிலோ மெத்தையிலோ எதுவும் தங்குவதில்லை. எடுப்பவர் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நிற்கிறார். உள்ளே நிற்க நேர்ந்தால் ஈய அங்கி அணிகிறார். தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் அளவு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. உடலில் பட்ட கதிரைக் கணக்கிட மார்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி அளந்து, ஒவ்வொருவருக்கும் கணக்கு வைக்கிறார்கள். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். உடல் பெறும் கதிரை அளக்கும் அலகு அது. எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே மனிதர்கள் பெறும் கதிர் உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் எக்ஸ்ரே கதிர் அறவே இல்லை. அது காந்தத்தில் இயங்குவது. கருவுற்ற பெண் அதைத் தெரிவித்தால் பணியை மாற்றி அமைக்கவேண்டும் என்பது விதி. நான் இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள். விதிகளைக் கடைப்பிடிக்காத இடத்தில் ஆபத்து உண்டு. அதனால்தான் பேட்ஜ் தராத இடத்தில் வேலைக்குச் சேராதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அந்த எச்சரிக்கை வேறு, அந்தப் பழைய பேச்சு வேறு.

பெண்கள் இந்த அறைக்குள் வரவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜெர்மனியில் ரான்ட்ஜன் என்ற இயற்பியலாளர் 1895ஆம் ஆண்டு நவம்பர் 8 அன்று இந்தக் கதிரைக் கண்டுபிடித்து, அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். அந்தப் படத்தில் விரல் எலும்பும் அதன்மேல் மோதிரமும் தெரியும். உலோகம் கதிரை மறிக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. நம் ஊரில் அந்த மோதிரத்தின் இடத்தில் தாலிச் சங்கிலி இருக்கிறது. கழற்றச் சொன்னால் தங்கச்சிமடத்து அம்மாவும் கண் கலங்குகிறார், உச்சிப்புளி அம்மாவும் கண் கலங்குகிறார். நான் மேசை இழுப்பில் எப்போதும் மஞ்சள் கயிறு வைத்திருந்தேன். முதலில் கயிற்றைக் கழுத்தில் கட்டிவிட்டு, பிறகே சங்கிலியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுப்பேன். நூல் படத்தில் விழாது. கீழக்கரையிலிருந்து வரும் சகோதரிகள், உள்ளே இருப்பது பெண்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கதவைத் தாண்டுவார்கள். ஆண் ஊழியர் என்றால் படம் எடுக்காமலே திரும்பிப் போனவர்களும் உண்டு. எடுக்காமல் போன அந்தப் படங்களில் என்னென்ன இருந்திருக்கும் என்று நான் பல இரவுகள் எண்ணியிருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். செவிலியர் பணியிடங்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். வார்டுக்கு வார்டு செவிலியர் வேண்டும். எக்ஸ்ரே அறைக்குச் சிலர் போதும். படிப்பு முடிந்த மறுநாளே வேலை என்ற கட்டாயம் வீட்டில் இருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள். நோயாளியின் தலைமாட்டில் நின்று, அவர் தேறி எழுவதைக் காண விரும்பும் பிள்ளை செவிலியராகத்தான் வேண்டும். அந்தப் பிள்ளையை நான் இந்தப் பக்கம் இழுக்கமாட்டேன்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள், இந்தத் துறையை ஏன் விரும்புகிறாய் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் தரவேண்டும். நம் விண்ணப்பம் மதிப்பெண்ணைக் கேட்கிறது, அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஆகவே நான் பிள்ளைகளை வீட்டிலேயே அரைப் பக்கம் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். "நர்சிங் கிடைக்காததால்" என்று தொடங்கினால் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வேன். சென்ற ஆண்டு ஒரு பெண், கடல்பாசி எடுக்கப் போகும் தன் தாயின் முழங்கால் வலியைப் பற்றி எழுதினாள். மூட்டின் படத்தில் தான் எதைத் தேடுவேன் என்றும் எழுதியிருந்தாள். எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எந்தத் தயக்கமும் இல்லாமல் விருப்ப வரிசையை நிரப்பினாள்.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். விண்ணப்ப முறையை விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எழுதி வந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு அந்தந்த ஆண்டு வெளியிடும் கையேட்டை முழுவதும் படியுங்கள், விதிகள் மாறக்கூடும். ரேடியோதெரபி டெக்னாலஜி என்று இன்னொரு வரியும் இருக்கும். அது புற்றுநோய்க்குக் கதிரால் சிகிச்சை தரும் வேறு படிப்பு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆறு மாதத்தில் எக்ஸ்ரே சான்றிதழ் என்று விளம்பரம் செய்யும் இடங்களில் பணம் கட்டுமுன், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டம்தானா என்று கேளுங்கள். விருப்ப வரிசையில் நர்சிங்கையும் ரேடியோகிராபியையும் சேர்த்தே போடலாம். எது முன்னால் வரவேண்டும் என்பதை மட்டும் பிள்ளையே சொல்லட்டும். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் ஆகியவற்றுக்குக் கடைசி வாரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் நெருக்கும். தேர்வு முடிவுக்குக் காத்திராமல் இந்த வாரமே அந்தச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.